வார்டில் பழகிய கண்ணோடு மரபணு ஆய்வுக்கு: மருத்துவ மாணவருக்கு ஒரு வழிகாட்டி

தனித்த முகத்தோற்றத்தோடு வரும் அரிய பிறவி நோயான கபூகி சிண்ட்ரோமுக்குக் காரணமான மரபணுவைத் தேடிய குழு ஒன்று, ஒருவருக்கொருவர் உறவில்லாத 10 நோயாளிகளின் எக்ஸோமை (ஜீனோம் எனும் முழு மரபுத்தொகுதியில் புரதத்தைக் குறிக்கும் பகுதியை) எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தது. முடிவு 2010-ல் வெளியானது. பத்துப் பேரிடமும் அரிய மாறுபாடு இருந்த மரபணு ஒன்றே ஒன்றுதான்: மக்16. அதுவோ மிகப் பெரிய மரபணு. யாருடைய எக்ஸோமைத் திறந்தாலும் அதில் ஏதாவது ஒரு மாறுபாடு தட்டுப்படும். எனவே அதை ஒதுக்கிவிட்டார்கள். பிறகு அவர்கள் செய்தது பழைய மருத்துவ வேலை. ஒவ்வொரு நோயாளியின் முகத்தோற்றமும் அந்த நோய்க்கு எவ்வளவு அச்சாகப் பொருந்துகிறது என்று பார்த்து, பத்துப் பேரையும் வரிசையில் வைத்தார்கள். மேலே நின்ற நால்வரிடமும் ஒரே மரபணுவில், புரதத்தைப் பாதியில் நிறுத்தும் மாறுபாடுகள் இருந்தன. அன்று எம்எல்எல்2 எனப்பட்ட அந்த மரபணுவின் இன்றைய பெயர் கேஎம்டி2டி.

நிரல் எழுதுவதில் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள். பிப்பெட் பிடிப்பதில் உங்களைவிடத் தேர்ந்தவர்களும் இருப்பார்கள். நோயாளியைப் பார்த்து "இது அந்த நோய் மாதிரி இருக்கிறது, ஆனால் இந்த ஒன்று இடிக்கிறது" என்று சொல்லக்கூடியவர் அங்கே பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். எந்தக் கேள்வி, எந்த வழிகாட்டி, எந்தத் திறமையை முதலில் கற்பது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எந்தப் பக்கம் நுழைவது

மரபணு ஆய்வில் மாணவருக்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, ஒற்றை மரபணுவால் வரும் அரிய நோய்கள்: ஒரு குடும்பம், ஒரு மாறுபாடு, ஒரு காரணம். இரண்டாவது, நீரிழிவு, மனச்சிதைவு போன்ற பொதுநோய்களுக்கான மக்கள்தொகை ஆய்வு. இங்கே ஆயிரக்கணக்கான மாதிரிகளும் புள்ளியியலும் வேண்டும். மூன்றாவது, கண்டறிந்த மாறுபாடு என்ன கேடு செய்கிறது என்று செல்களிலும் விலங்கு மாதிரிகளிலும் சோதிப்பது.

மாணவப் பருவத்தில் மூன்றாவதைத் தொடங்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வளர்க்கும் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றியாக வேண்டும். உங்களுக்குத் தேர்வு இருப்பது அவற்றுக்குத் தெரியாது. ஒரு வாரம் தவறினால் இரண்டு மாத வேலை போய்விடும். அரிய நோய் ஆய்வை அப்படியல்ல, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேலும் அதற்கான கச்சாப்பொருள் நீங்கள் தினமும் நடக்கும் வார்டிலேயே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். ஆய்வக வேலையில்தான் ஆசை என்றால், இடையில் ஒரு முழு ஆண்டு ஆய்வு விடுப்பு எடுக்க முடிகிறபோது அதில் இறங்குங்கள்.

முதல் ஆறு மாதம்

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் வரையப் பழகுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு நிறைத்த வடிவம், முதலில் மருத்துவரிடம் வந்தவருக்கு அம்புக்குறி, உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. குறிகளை ஒரு மாலையில் கற்றுவிடலாம். கேள்வி கேட்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். "குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். ஒவ்வொரு ஆளாகக் கேளுங்கள்: உயிரோடு இருக்கிறாரா, எந்த வயதில் இறந்தார், எதனால், குழந்தைகள் எத்தனை, கருச்சிதைவு உண்டா, பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா. நாற்பது வயதில் 'திடீரென்று' இறந்த ஒரு சித்தப்பா, இதயத்தசை நோயை ஆராய்பவருக்குக் குடும்பம் முழுவதையும் திறந்துகாட்டிவிடலாம்.

அடுத்தது, பார்த்ததைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவது. நோயாளியிடம் வெளிப்படும் பண்புகளுக்கு, அதாவது ஃபீனோடைப்புக்கு, எச்.பி.ஓ. என்ற சொற்றொகுதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் அதில் ஓர் எண் உண்டு. வலிப்புக்கு 0001250. "தலை சிறியது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. தலைச்சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் கீழே என்று எழுதுங்கள். இல்லாத அறிகுறிகளையும் எழுதவேண்டும். 'கண் பரிசோதனை இயல்பு' என்பதும் 'கண் பரிசோதனை செய்யவில்லை' என்பதும் வேறுவேறு. கேஸ் ஷீட்டில் இரண்டுமே பெரும்பாலும் வெற்றிடமாகத்தான் கிடக்கும். பத்து நோயாளிகளுக்கு இப்படி எழுதிப் பழகினால், ஆய்வகத்தில் பலருக்கு வராத ஒரு வேலை உங்களுக்குக் கைவந்துவிடும்.

கணினிப் பக்கம் லினக்ஸ் கட்டளை வரியும், ஆர் அல்லது பைத்தான் இரண்டில் ஒன்றும் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். புள்ளியியலில் ஆட்ஸ் விகிதம், நம்பக இடைவெளி, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், பலமுறை சோதிப்பதால் வரும் பிழைக்கான திருத்தம் ஆகிய நான்கும் ஐயமறத் தெரியவேண்டும்.

பயிற்சிக்கு நோயாளித் தரவு தேவையில்லை. 'ஜீனோம் இன் எ பாட்டில்' திட்டம் சில மனித ஜீனோம்களை, சரிபார்த்த விடைப்பட்டியலோடு எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. எச்ஜி002 என்ற மகனும் அவருடைய பெற்றோரும் அதில் உண்டு. 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை, படித்த முழு ஜீனோமின் கோப்பு பல பத்து ஜிகாபைட் வரும், மடிக்கணினி திணறும். 20-வது குரோமோசோமை மட்டும் பிரித்தெடுங்கள். இயந்திரம் படித்த துண்டுகள் (ரீடுகள்) உள்ள ஃபாஸ்ட்க்யூ கோப்பை பி.டபிள்யூ.ஏ. மென்பொருள் கொண்டு, ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் மாதிரி ஜீனோமோடு பொருத்தி, சாம்டூல்ஸால் வரிசைப்படுத்தி, ஜி.ஏ.டி.கே.யால் மாறுபாடுகளை எடுத்து, மாறுபாடுகளின் பட்டியலாக வந்த வி.சி.எஃப். கோப்பை விடைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். எத்தனை தவறவிட்டோம், எத்தனையை இல்லாமலே கண்டோம் என்று எண்ணிப் பார்த்தவருக்கு, பின்னால் வரும் எந்த அறிக்கையையும் கண்ணைமூடி நம்பத் தோன்றாது.

இந்தக் கட்டத்தில் இரண்டு பிழைகள் எல்லோருக்கும் வரும். ஒன்று, மாதிரி ஜீனோமின் பதிப்பு மாறிப்போவது. 2009-ல் வந்த ஜி.ஆர்.சி.எச்.37-ம் 2013-ல் வந்த ஜி.ஆர்.சி.எச்.38-ம் இன்னும் ஒன்றாகப் புழங்குகின்றன. இரும்புச்சத்து மிகை நோயோடு தொடர்புள்ள எச்எஃப்ஈ மரபணுவின் சி282ஒய் மாறுபாடு, 6-வது குரோமோசோமில் பழைய பதிப்பில் 26093141-வது இடத்திலும் புதிய பதிப்பில் 26092913-வது இடத்திலும் இருக்கிறது. பதிப்பைப் பார்க்காமல் தேடினால் எதுவும் கிடைக்காது. அதைவிட மோசம், தவறான ஒன்று கிடைப்பது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலேயே 37 அல்லது 38 என்று சேர்த்துவிடுங்கள்.

மற்றொன்று எக்செல். செப்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. மென்பொருள் மாறுவதாக இல்லை என்று கண்டு, மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-ல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது! பழைய பட்டியல்களில் பழைய பெயர்கள் இன்னும் கிடக்கின்றன. மூலக்கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள்.

வழிகாட்டியைத் தேடுவது

பெரிய பெயர் முக்கியமில்லை. பப்மெட்டில் அந்தக் குழுவின் கடந்த மூன்று ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து முதல் ஆசிரியர்கள் யார் என்று பாருங்கள். மாணவர்களும் இளையவர்களும் முதல் பெயராக வந்திருக்கிறார்களா, அல்லது எப்போதும் ஒரே இரண்டு பேரா? பிறகு அங்கே இப்போது வேலை செய்யும் மாணவரிடம் தனியாகக் கேளுங்கள்: வழிகாட்டி மாதத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேசுவார், தரவு கையில் கிடைக்க எவ்வளவு நாள் ஆனது, அனுப்பிய வரைவு எத்தனை வாரத்தில் திரும்பியது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் மற்றதெல்லாம் அடங்கிவிடும்.

மின்னஞ்சல் 150 சொற்களைத் தாண்ட வேண்டாம். அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஒரே ஒரு கேள்வி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எத்தனை மாதத்துக்குத் தரமுடியும், இப்போது என்ன செய்யத் தெரியும். இவ்வளவுதான். "உங்கள் உன்னத ஆய்வால் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்கும் கடிதங்கள் திறக்கப்படாமலே போகின்றன. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்; அதற்கும் இல்லையென்றால் அடுத்தவர்.

முடிந்தால் இரண்டு வழிகாட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர், மற்றவர் தரவைக் கையாள்பவர். மருத்துவர் மட்டும் என்றால் தரவு வந்த நாளில் திக்குத் தெரியாமல் நிற்பீர்கள். தரவாளர் மட்டும் என்றால் நோயாளியின் முகத்தையே பார்க்காமல் படிப்பை முடிப்பீர்கள். கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி, மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியத் தகுதிக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்கும் நிறைவேற வேண்டும். இரத்தம் எடுத்துக் கொடுப்பது மட்டும் அதில் சேராது. ஆகவே இரத்தம் எடுக்கும் வேலையை மட்டுமே தரும் இடத்திலிருந்து மரியாதையாக விலகிவிடுங்கள்.

முதல் ஆய்வு சிறியதாக இருக்கட்டும்

அகலக்கால் வைப்பதுதான் மாணவர் ஆய்வுகள் பாதியில் நிற்பதற்கு முதல் காரணம். புதிதாக 200 நோயாளிகளைச் சேர்க்கும் திட்டம் படிப்புக்காலத்தில் முடியாது. ஒன்பது மாதத்துக்குள் முடியக்கூடியவற்றில் மிகச் சிறந்தது, விடை கிடைக்காத பழைய எக்ஸோம்களை மீண்டும் ஆராய்வது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் அவற்றில் சுமார் பத்தில் ஒன்றுக்கு விடை கிடைப்பதாகப் பல குழுக்கள் கண்டிருக்கின்றன. நோயாளி மாறவில்லை, டி.என்.ஏ.வும் மாறவில்லை. இடைப்பட்ட காலத்தில் புதிய மரபணுக்கள் நோய்களோடு இணைக்கப்பட்டன, தரவுத்தளங்கள் வளர்ந்தன, குழந்தையும் வளர்ந்து புதிய அறிகுறி காட்டியது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க, குடும்பத்தை மீண்டும் அழைத்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகலாம்.

ஒரே மரபணுவில் மாறுபாடு உறுதியான ஏழெட்டு நோயாளிகளின் அறிகுறிகளைத் துல்லியமாகத் தொகுப்பதும் நல்ல தொடக்கம். பொதுத்தரவை வைத்து மெண்டலியன் ரேண்டமைசேஷன் (மரபணு மாறுபாடுகளைக் கொண்டு ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா என்று கணிக்கும் முறை) செய்து ஒரு மாதத்தில் கட்டுரை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே அச்சில் வார்த்த அத்தகைய கட்டுரைகள் குவிந்துபோய், பல இதழ்கள் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. அதைவிட, அதைச் செய்து நீங்கள் கற்பது எதுவுமில்லை.

நெறிமுறைக் குழு

கேள்வி முடிவான அன்றே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். அனுமதி வருவதற்கு முன் ஆய்வுக்கென எடுத்த மாதிரியை எந்த இதழும் ஏற்காது. பின்னால் அனுமதி வாங்கி ஒட்டுப்போடவும் முடியாது. சிகிச்சைக்காக எடுத்து மிஞ்சிய இரத்தத்துக்கும் அனுமதி வேண்டும்.

மரபணு ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் மற்ற ஆய்வுகளில் இல்லாத சில கேள்விகள் உண்டு. தேடியது வலிப்புக்கு, கிடைத்தது மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மாறுபாடு என்றால் சொல்வீர்களா? இப்படிச் சொல்லத்தக்க மரபணுக்களின் பட்டியலை அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-ல் 56 மரபணுக்களோடு வெளியிட்டு, தொடர்ந்து நீட்டி வருகிறது. பெற்றோர், குழந்தை மூவரையும் சோதித்தால் தந்தை உயிரியல் தந்தை அல்ல என்று தெரியவரலாம். அதை எப்படிக் கையாள்வோம் என்பது முன்கூட்டியே படிவத்தில் இருக்கவேண்டும். சிறுவர்களிடம் அவர்கள் வயதுக்கேற்ற சம்மதமும், புகைப்படத்துக்குத் தனி ஒப்புதலும் வாங்கவேண்டும்.

பெயரை அழித்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று எண்ணாதீர்கள். பெயரில்லாமல் வெளியிட்ட ஜீனோம்களின் ஒய் குரோமோசோம் குறிகளை, பொதுவில் கிடைக்கும் வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2013-ல் ஓர் ஆய்வுக்குழு செய்தே காட்டியது. குறியீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தரவு இருக்கும் கணினியில் வைக்காதீர்கள். நோயாளியின் படத்தைச் சொந்தக் கைபேசியில் எடுக்காதீர்கள்.

மாதிரி கெட்டுப்போகும் இடங்கள்

டி.என்.ஏ.வுக்கு இரத்தம் எடுப்பது ஈ.டி.டி.ஏ. குழாயில், ஊதா மூடி. பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெபாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும். பெரியவருக்கு 3 முதல் 5 மில்லிலிட்டர், கைக்குழந்தைக்கு 1 முதல் 2. எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். எண்ணைப் படுக்கையருகிலேயே குழாயின் உடலில் ஒட்டுங்கள். மூடியில் எழுதினால், இரண்டு மூடிகள் மாறும் நாளில் இரண்டு குடும்பங்களும் மாறிவிடும். சில நாள் வைப்பதென்றால் 4 டிகிரி செல்சியஸ். உறையவைத்து உருக்கி மீண்டும் உறையவைப்பது கூடாது.

1 மில்லிலிட்டர் இரத்தத்தில் பொதுவாக 20 முதல் 40 மைக்ரோகிராம் டி.என்.ஏ. கிடைக்கும். 260/280 ஒளிஉறிஞ்சல் விகிதம் 1.8-க்கு அருகில் இருந்தால் சரி. மிகக் குறைந்தால் புரதமோ ஃபீனாலோ கலந்திருக்கிறது. 260/230 விகிதம் 2-க்கு மிகக் கீழே போனால், பிரித்தெடுக்கப் பயன்படுத்திய உப்பு இன்னும் தங்கியிருக்கிறது, மீண்டும் கழுவவேண்டும். இந்த ஒளிஉறிஞ்சலை அளக்கும் நானோட்ராப் கருவி ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து அளப்பதால் கூடுதலாகக் காட்டும். சீக்வென்சிங்குக்கு அனுப்பும் முன் டி.என்.ஏ.வை மட்டும் அளக்கும் க்யூபிட் கருவியில் அளந்த எண்ணை நம்புங்கள்.

மருத்துவ மாணவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பிழை ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவரின் இரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டி.என்.ஏ. அவருக்குத் தோல் செல் மாதிரிதான் வழி. கேஸ் ஷீட்டை முழுக்கப் படிக்காத ஆய்வகத்துக்கு இது தெரியவே வராது.

மாறுபாட்டை வாசிப்பது

எக்ஸோம் என்பது ஜீனோமில் 1 முதல் 2 சதவீதம்தான். அதிலேயே ஒருவருக்கு 20,000-க்கு மேற்பட்ட மாறுபாடுகள் இருக்கும். அதிலிருந்து ஒன்றுக்கு வரவேண்டும்.

முதல் சல்லடை தரம். அந்த இடத்தைக் குறைந்தது 10 ரீடுகளாவது கடந்திருக்க வேண்டும். இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள மாறுபாடு ஏறத்தாழ பாதி ரீடுகளில் தெரியவேண்டும். 15 சதவீதத்தில் மட்டும் தெரிந்தால் பிழையாகவோ மொசைக்காகவோ (சில செல்களில் மட்டும் உள்ளதாகவோ) இருக்கலாம். இரண்டாவது சல்லடை, மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது. இதற்கு நோமாட் தரவுத்தளம். 2023-ல் வந்த அதன் நான்காம் பதிப்பில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவு இருக்கிறது. ஓங்கு முறையில் வரும் கடுமையான நோய்க்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே, ஒடுங்கு முறைக்கு நூற்றில் ஒன்றுக்குக் கீழே என்று தொடங்கலாம். அங்கே ஒரு மாறுபாடு இல்லை என்பதால் அது அரியது என்று துள்ளவேண்டாம். உங்கள் நோயாளியின் மக்கள்குழுவிலிருந்து அந்தத் தரவில் போதிய பேர் இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, மரபுவழி. ஒவ்வொருவரும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாறுபாடுகளோடு பிறக்கிறோம். ஆனால் புரதத்தைக் குறிக்கும் பகுதியில் அவை சராசரியாக ஒன்று, ஒன்றரைதான். ஆகவே பெற்றோரையும் சேர்த்துச் சோதித்தால் நூற்றுக்கணக்கான அரிய மாறுபாடுகள் கைவிரலில் எண்ணும் அளவுக்கு வந்துவிடும். ஒரே செலவில் மூன்று குடும்பங்களின் குழந்தைகளை மட்டும் சோதிப்பதா, ஒரு குடும்பத்தின் மூவரைச் சோதிப்பதா என்று வந்தால், பெற்றோருக்கு நோயில்லாத கடுமையான வளர்ச்சிக் குறைபாட்டில் இரண்டாவதே மேல்.

கடைசிச் சல்லடை நோயாளி. மரபணு நோய்களை விவரிக்கும் ஓமிம், ஜீன்ரிவ்யூஸ் தளங்கள் இரண்டிலும் அந்த மரபணுவின் நோயைப் படித்து, உங்கள் எச்.பி.ஓ. பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவற்றையும் எழுதி வையுங்கள்.

மிஞ்சிய ஒவ்வொன்றையும் ரீடுகளைத் திரையில் காட்டும் ஐ.ஜி.வி. மென்பொருளில் கண்ணால் பாருங்கள். மாறுபாடு எல்லா ரீடுகளின் ஓரத்திலும் மட்டுமே தெரிந்தாலோ, ஒரே திசையில் போகும் ரீடுகளில் மட்டும் இருந்தாலோ சந்தேகப்படுங்கள். டிடிஎன், மக்16, மணமுணர் ஏற்பி மரபணுக்கள் ஆகியவை எல்லாப் பட்டியலிலும் வந்து நிற்கும் வழக்கமான விருந்தாளிகள். ஏறத்தாழ ஒரே மாதிரியான இரட்டை மரபணு உள்ள இடங்களில் (எஸ்எம்என்1, பிஎம்எஸ்2, சிஒய்பி21ஏ2) குறுகிய ரீடுகள் எந்தப் பிரதியிலிருந்து வந்தன என்று மென்பொருளுக்கே தெரியாது. அங்கே எக்ஸோம் சொல்வதை வேறு முறையில் உறுதி செய்தாக வேண்டும்.

உறுதி செய்ய, ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் பழைய முறையான சாங்கர் சீக்வென்சிங். படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான ப்ரைமரை மாறுபாட்டிலிருந்து குறைந்தது 60 எழுத்து தள்ளி வையுங்கள். தொடக்க 30 முதல் 50 எழுத்து தெளிவாக வராது. ப்ரைமர் உட்காரும் இடத்திலேயே ஒரு பொது மாறுபாடு இருந்தால் ஒரு பிரதி மட்டுமே பெருகி, இருக்கும் மாறுபாடு இல்லாததுபோலத் தெரியும். டி.என்.ஏ. சேர்க்காத குழாய் ஒன்றை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். அதில் பட்டை தெரிந்தால் எங்கிருந்தோ டி.என்.ஏ. கலந்திருக்கிறது; அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு.

மாறுபாடு தீங்கானதா என்று வகைப்படுத்த, முன்பு சொன்ன அமெரிக்கக் கல்லூரியின் (ஏ.சி.எம்.ஜி.) 2015-ல் வந்த விதிகள்: 28 அளவுகோல்கள், ஐந்து வகைகள். மாணவர்கள் சறுக்குவது சில இடங்களில்தான். கணிப்பு மென்பொருள் நான்கு ஒரே பதிலைத் தந்தால் நான்கு சான்று என்று எண்ணுவார்கள். அது ஒரே ஒரு, அதுவும் மெல்லிய, சான்று. புரதத்தைப் பாதியில் நிறுத்தும் மாறுபாடு என்றாலே தீங்கு என்று எழுதுவார்கள். ஆனால் நிறுத்தம் கடைசி எக்ஸானிலோ, அதற்கு முந்தைய எக்ஸானின் கடைசி 50 எழுத்துக்குள்ளோ விழுந்தால் அந்த ஆர்.என்.ஏ. பொதுவாக அழிக்கப்படுவதில்லை, குட்டையான புரதம் ஒன்று உண்டாகலாம். அந்த மரபணு குறைந்தால் நோய் வருமா என்பதும் தனிக்கேள்வி. மாறுபாடுகளைப் பலரும் பதியும் கிளின்வார் தரவுத்தளத்தில் 'தீங்கானது' என்று ஒரே ஒருவர் ஒற்றை நட்சத்திரத்தில் பதிந்ததை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போய் என்ன சான்று கொடுத்தார் என்று பாருங்கள். 'பொருள் தெளிவற்ற மாறுபாடு' என்ற வகையை விடையாகக் குடும்பத்திடம் சொல்லவே கூடாது.

எதுவும் கிடைக்கவில்லையென்றால், எக்ஸோமுக்குத் தெரியாதவற்றை நினைவில் கொள்ளுங்கள்: ஹன்டிங்டன் நோய், ஃப்ரஜைல் எக்ஸ் போன்றவற்றில் வரும் மறுபடல் நீட்சிகள் (ஒரே எழுத்துத்தொடர் திரும்பத்திரும்ப வந்து நீள்வது), இன்ட்ரானின் ஆழத்தில் உள்ளவை, பெரிய திருப்பங்கள், மெத்திலேஷன் மாற்றங்கள். கபூகி ஆய்விலும் எக்ஸோமில் விடை வராத மூவரில் இருவருக்கு, அதே மரபணுவில் தவறவிட்ட மாறுபாடுகள் சாங்கரில்தான் அகப்பட்டன.

இதுவரை எந்த நோயோடும் இணைக்கப்படாத மரபணுவில் சந்தேகம் விழுந்தால், ஜீன்மேட்சர் தளத்தில் மரபணுப் பெயரைப் பதிந்து வையுங்கள். அதே மரபணுவை வேறொருவர் பதிந்தால் இருவருக்கும் மின்னஞ்சல் வரும். ஒரே ஒரு குடும்பத்தை வைத்துப் புதிய நோயை நிறுவுவது மிகக் கடினம்.

பொதுநோய்ப் பக்கம் போவோருக்குச் சில சொற்கள்

ஜீனோம் முழுவதையும் சோதிக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகள் செய்வதாகக் கொண்டு 0.05-ஐ வகுப்பதால்தான் 5×10⁻⁸ என்ற பி-மதிப்பு வரம்பு வந்தது. இதைத் தாண்டினாலும் பொய்யாக இருக்கலாம். நூறு வயதைக் கடந்தவர்களின் மரபணுக்களைக் கண்டுவிட்டதாக 2010-ல் பரபரப்பாக வந்த ஒரு கட்டுரை அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. மாதிரிகளை வெவ்வேறு வகைச் சிப்புகளில் சோதித்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் பிழைகள் மரபணு வேறுபாடுபோலத் தோன்றின. ஆகவே நோயுற்றோர் மாதிரியையும் ஒப்பீட்டு மாதிரியையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்தே அடுக்குங்கள். பிளிங்க் மென்பொருளில் பாலினப் பொருத்தம், உறவினர் கலப்பு, விடுபட்ட தரவு ஆகியவற்றைச் சரிபார்த்து, முதன்மைக்கூறுகளை வைத்து மக்கள்குழு வேறுபாட்டைக் கட்டுப்படுத்திய பிறகே முடிவைத் திறந்து பாருங்கள்.

ஒரு மரபணுவை மனத்தில் வைத்துக்கொண்டு நூறு பேரில் சோதிக்கும் பழைய பாணி வேண்டவே வேண்டாம். மனச்சோர்வுக்கு அப்படிப் புகழ்பெற்ற 18 மரபணுக்களை 2019-ல் லட்சக்கணக்கானோர் தரவில் சோதித்தபோது, எழுமாறாக எடுத்த மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் மேலாக இல்லை.

பட்டத்துக்குப் பிறகு

மருத்துவத்தோடு சேர்ந்தே முனைவர் பட்டம், பட்டம் முடிந்ததும் முனைவர் பட்டம், சிறப்பு மருத்துவம் படித்த பின் முனைவர் பட்டம் என மூன்று வழிகள். மூன்றாவது நீளமானது. ஆனால் குழந்தை நரம்பியலோ சிறுநீரகவியலோ படித்துவிட்டு வருபவர் தன் நோயாளிகளோடும் தன் கேள்வியோடும் வருகிறார் என்பதால், ஆய்வுத் தலைப்பு தேடி அலைவதில்லை. நடுவில் ஆய்வுக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு அரைநாளாவது புறநோயாளிப் பிரிவில் உட்காருங்கள். மூன்று நான்கு ஆண்டு நோயாளியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்புவது கடினம். பதிவு உரிமம் இடைவெளியை எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்ட இடத்தை ஏற்கும் முன் கேட்கவேண்டிய கேள்விகளில் முதலாவது: தரவு இப்போது இருக்கிறதா, அல்லது வரப்போகிறதா? வரப்போகும் தரவை நம்பிச் சேர்ந்து முதல் ஆண்டு முழுவதும் ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. முதல் அத்தியாயமாவது கையிலிருக்கும் தரவில் முடியும்படி திட்டமிடுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். நீங்கள் துரத்தும் மரபணுவை வேறொரு குழு முதலில் வெளியிட்டுவிடும் நாள் வரும். அன்றைக்கு உங்கள் குடும்பம் அந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டாவது சான்றாகிறது. அவர்கள் எழுதாத அறிகுறிகள் உங்கள் குறிப்பில் இருந்தால், இரண்டு மாதத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மாறுபாட்டைக் கிளின்வாரில் பதியுங்கள். விடை கிடைத்துவிட்டது என்று குடும்பத்துக்கு, சிகிச்சை தரும் மருத்துவர் வழியாக, சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.